நூலே அடித்தளம்: ஜோகன் பிலிப் பெப்ரிசியஸ்

புதுச்சேரி நகரின் வடபகுதியில் அமைந்துள்ளது முத்தியால்பேட்டை. அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, கடற்கரையை ஒட்டி நீண்டு சென்னையைச் சென்றடைகிறது. சில மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இவ்வழியின் இரு முனைகளிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் இரு பகை அரசுகளின் கோட்டைகள் நின்றன. புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் தலைமையிடம். சென்னை ஆங்கிலேயரின் தலைமையிடம். ஐரோப்பாவில் மூண்ட போர்கள் சோழமண்டலக் கடற்கரையிலும் மூண்டன. ஒருவர் நகரை மற்றவர் முற்றுகையிடுவதும் பறிப்பதும் திருப்பித் தருவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

1761 சனவரியில், பல திங்கள் முற்றுகைக்கும் பெரும் பட்டினிக்கும் பிறகு, புதுச்சேரி ஆங்கிலப் படையிடம் வீழ்ந்தது. கோட்டையும் மாளிகைகளும் பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. வெற்றிபெற்ற படை சென்னைக்குக் கொண்டுசென்ற பொருள்களுள் பிரெஞ்சு ஆளுநர் மாளிகையில் கிடைத்த ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. சென்னைக் கோட்டையில் அதை இயக்கத் தெரிந்தவர் எவருமில்லை. அதைக் கேட்டுப் பெற்று வேப்பேரிக்குக் கொண்டுசென்றவர் ஐம்பது வயதை எட்டிய ஒரு செருமானியர். இருபது ஆண்டுகளாகத் தமிழகத்தில் வாழ்ந்துவந்த அவர், ஒரு பெருநூலை முதல் ஏடு தொடங்கி இறுதி ஏடு வரை கற்பதையும் தமிழாக்குவதையும் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். அவரே ஜோகன் பிலிப் பெப்ரிசியஸ்.

பிறப்பும் கல்வியும்

பெப்ரிசியஸ் 1711 சனவரி 22ஆம் நாள் செருமனியின் எசே பகுதியில் உள்ள கிளீபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்ற அவர், பின்னர் இறையியலின்பால் ஈர்க்கப்பட்டு ஆலே நகருக்குச் சென்றார். அந்நகரம் அக்காலத்தில் கல்விப் பணிக்கும் அறப்பணிக்கும் ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றிருந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமும் பள்ளிகளும் மருந்தகமும் அச்சகமும் அங்கு ஒரே வளாகத்தில் இயங்கின. அவற்றை நிறுவியவர் பிராங்கே என்னும் பேராசிரியர்.

விவிலியத்தைக் குருமார்கள் மட்டும் படித்தல் போதாது, உழவரும் கைவினைஞரும் பணிப்பெண்களும் தம் தாய்மொழியில் தாமே படித்தறிய வேண்டும் என்பது ஆலே அறிஞர்களின் கொள்கை. 1710இல் அங்குத் தொடங்கப்பட்ட விவிலிய அச்சு நிறுவனம், ஏழையரும் வாங்கத்தக்க குறைந்த விலையில் அந்நூலை அச்சிட்டு வழங்கியது. எழுத்தறிவு இருந்தால்தான் நூலைப் படிக்க இயலும் என்பதால் பள்ளி அங்குச் சமயப் பணியின் முதற்படியாயிற்று. இக்கொள்கையில் ஊறியவராகவே பெப்ரிசியஸ் 1740இல் தமிழகம் வந்தார்.

தமிழகம் வருதல்

அவர் வந்துசேர்ந்த தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கு நாட்டவரின் ஆட்சியில் இருந்தது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு, தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்திருந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரை வந்தபோது, 1719இல் அவர் காலமானார். எஞ்சிய பகுதிகளைப் பெஞ்சமின் சூல்சு மொழிபெயர்த்து நிறைவுசெய்தார். ஆகவே, பெப்ரிசியஸ் வருவதற்கு முன்பே தமிழில் முழு விவிலியம் இருந்தது.

1742இன் இறுதியில் பெப்ரிசியஸ் சென்னைக்கு அனுப்பப்பட்டார். தாயகம் திரும்பவிருந்த சூல்சின் பணியை அவர் ஏற்றுக்கொண்டார். சென்னையில் இருந்த தமிழ்க் கிறித்தவர் தொகை சிறிது. அவர்களுள் பலர் எளியோர். அவர்களுக்குப் பள்ளி நடத்துதல், திருச்சபைப் பணியாற்றுதல், நோயுற்றோரைக் காணுதல் ஆகியவற்றிடையே அவர் தமிழைக் கற்றார். மக்கள் பேசும் மொழியும் புலவர் எழுதும் மொழியும் வேறுவேறாக இருத்தலையும், முன்னோர் மொழிபெயர்ப்பு இவ்விரண்டினிடையே பல இடங்களில் தடுமாறுதலையும் நாளடைவில் உணர்ந்தார். முன்னோர் இட்ட அடித்தளத்தின்மீதே புதியதொரு மொழிபெயர்ப்பை எழுப்ப வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார்.

முழுமையின் தேவை

விவிலியம் ஒரே காலத்தில் ஒருவரால் எழுதப்பட்ட நூலன்று. சீர்திருத்தத் திருச்சபையினர் ஏற்றுள்ள வகையில், பழைய ஏற்பாட்டில் 39 நூல்களும் புதிய ஏற்பாட்டில் 27 நூல்களுமாக 66 நூல்களின் தொகுப்பு அது. வரலாறு, சட்டம், பாடல், பழமொழி, இறைவாக்கு, மடல் எனப் பல இலக்கிய வகைகள் அதனுள் அடங்கும். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயத்திலும் சிறுபகுதி அரமேயத்திலும் அமைந்தது. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது.

இந்நூல்கள் ஒன்றையொன்று நோக்கிப் பேசுகின்றன. மத்தேயு நற்செய்தி ஏசாயாவின் வாக்குகளை எடுத்தாள்கிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட மடல், சங்கீதங்களின் தொடர்களை அடுக்கிச் செல்கிறது. யோவான் நற்செய்தியில் வரும் நல்ல மேய்ப்பன் உவமையை அதனளவிலேயே படிப்பவருக்கு அன்பு மிக்க ஓர் இடையனின் உருவம் தோன்றும். அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட எசேக்கியேல் நூலில், மந்தையைக் காவாமல் தம்மையே கொழுக்கவைத்துக்கொண்ட மேய்ப்பர்கள் கண்டிக்கப்படுகின்றனர். அதனையும் படித்தவருக்கே அவ்வுவமையுள் பொதிந்துள்ள அரசியல் கண்டனமும் புலப்படும்.

எனவே, ஒரு நூலை நன்கு மொழிபெயர்க்க ஏனைய நூல்களையும் கற்றிருக்க வேண்டும். மூலத்தில் ஒரே சொல் பல நூல்களிலும் வந்து அவற்றை ஒரு சரடாக இணைக்குமாயின், தமிழிலும் அச்சரடு அறுபடலாகாது. இடத்துக்கு ஒரு சொல்லாக மாற்றிவிட்டால் படிப்பவர்க்கு அத்தொடர்பு மறைந்துபோகும்.

வாசகர் நிலையிலும் முழுமைக்குத் தேவை இருந்தது. புதிதாகச் சமயம் தழுவியோர் வினாவிடை நூலையும் சில மன்றாட்டுகளையும் மனப்பாடம் செய்து தொடங்குவர். அது நல்ல தொடக்கமே. எனினும், பொறுக்கி எடுத்த சில வாக்கியங்களை மட்டும் அறிந்தவர் அவற்றின் பொருளுக்குப் பிறரையே சார்ந்திருக்க நேரும். முழுநூலையும் தம் மொழியில் தாமே படித்தவர், கேட்ட விளக்கம் நூலோடு ஒத்துச்செல்கிறதா என ஆராயும் உரிமை பெறுகிறார். அவ்வுரிமையைச் சென்னையின் எளிய தமிழ் மக்களுக்கு வழங்குவதே பெப்ரிசியஸ் மேற்கொண்ட பணியின் உட்பொருளாகும்.

சொல் தேர்ந்த முறை

பெப்ரிசியஸ் எபிரேய, கிரேக்க மூலங்களை முன்வைத்துக்கொண்டு, தமக்கு முந்தைய தமிழ் மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பணிசெய்தார். தாம் எழுதியதைத் தமிழ் அறிந்த உதவியாளரோடு அமர்ந்து ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் திருத்தினார். மூலத்தினின்று விலகாமையும் தமிழ்ச் செவிக்கு இசைவும் ஒருங்கே அமையும்வரை அவர் நிறைவுகொள்ளவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தரும் சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தன. தமிழ் நிலம் அறியாத வெண்பனியை எச்சொல்லால் குறிப்பது? யூதரின் ஆலயச் சடங்குகளுக்குத் தமிழ்க் கோயில் வழக்கின் சொற்களைக் கையாளலாமா? அவ்வாறு கையாண்டால் பொருள் திரியுமா? கையாளாவிடில் பொருள் விளங்குமா? இத்தகைய வினாக்கள் எழாத அதிகாரம் அரிது.

இவற்றுள் தலையாயது இறைவனைக் குறிக்கும் சொல். கத்தோலிக்கத் திருச்சபையினர் சர்வேசுரன் என்னும் சொல்லை வழங்கினர். பெப்ரிசியஸ் தம் மொழிபெயர்ப்பில் பராபரன் என்னும் சொல்லை ஆண்டார். எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருளைக் குறிக்கும் அச்சொல் தமிழ்ச் சமய உலகுக்குப் புதியதன்று. தாயுமானவரின் பராபரக்கண்ணியைப் பாடியும் கேட்டும் பழகிய மக்களுக்கு அச்சொல்லின் ஆழம் சொல்லாமலே விளங்கும். பின்வந்த மொழிபெயர்ப்புகளில் தேவன் என்பதும், நம் காலத்தில் கடவுள் என்பதும் இடம்பெற்றன. ஒரு மூலச்சொல்லுக்கு முந்நூறு ஆண்டுகளில் இத்தனை தமிழ்ச் சொற்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாறு, மொழிபெயர்ப்பு என்பது முடிவுறாத ஆராய்ச்சி என்பதை உணர்த்துகிறது.

போரும் அலைச்சலும்

இப்பணி அமைதியான நூலகத்தில் நிகழவில்லை. பெப்ரிசியஸ் சென்னைக்கு வந்த நான்காம் ஆண்டில், 1746 செப்டம்பரில், பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. அவர் நகரைவிட்டு வெளியேறி, ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த பழவேற்காட்டில் தங்கினார். உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியபோது, அவரது திருச்சபைக்கு உரிய பழைய கட்டடங்கள் பயன்படும் நிலையில் இல்லை. அதன் பின்னர் வேப்பேரி அவரது பணியிடமாயிற்று.

1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை மீண்டும் முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே இருந்த வேப்பேரி சூறையாடப்பட்டது. பெப்ரிசியஸ் மறுபடியும் பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகிய பிறகு திரும்பி வந்து, சிதறிய மக்களை ஒன்றுசேர்த்துப் பணியைத் தொடர்ந்தார். வீடும் ஆலயமும் பள்ளியும் இருமுறை நிலைகுலைந்தன. எத்தனைமுறை இடம்பெயர நேர்ந்தபோதும், விட்ட இடத்தில் தொடங்கக்கூடிய ஒரு பணி அவர் கையில் இருந்தது.

புதுச்சேரியிலிருந்து வந்த பொறி

லாலியின் முற்றுகை முறிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. இம்முறை முற்றுகைக்கு உள்ளானது புதுச்சேரி. ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை நகரைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறியே தொடக்கத்தில் குறிப்பிடப்பட்டது. அரசுக்குத் தேவை ஏற்படும்போது அதன் ஆவணங்களை அச்சிட்டுத் தர வேண்டும் என்னும் ஏற்பாட்டின்பேரில் அது பெப்ரிசியசிடம் ஒப்படைக்கப்பட்டது.

சென்னையின் அச்சு வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. அதுவரை தமிழ் நூல்களை அச்சிடத் தரங்கம்பாடியையே நம்பியிருந்த சென்னைத் திருச்சபையினர் தமக்கென ஓர் அச்சகம் பெற்றனர். வேப்பேரி அச்சகம் வளர்ந்து, பின்வந்த தலைமுறைகளில் தென்னிந்தியாவின் குறிப்பிடத்தக்க அச்சகங்களுள் ஒன்றாயிற்று. தமக்கு அடைக்கலமின்றிச் செய்த போரின் கைப்பொருளையே பெப்ரிசியஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாசகர்களுக்கும் உரிய கருவியாக மாற்றிக்கொண்டார். பல்லாண்டுத் திருத்தங்களுக்குப் பின் அவரது புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1772இல் வெளிவந்தது.

பழைய ஏற்பாடு அதனினும் பன்மடங்கு பெரிது. 150 சங்கீதங்களும் இறைவாக்கினர் நூல்களும் மொழிநடையில் மிகக் கடினமானவை. முதுமை நெருங்கிய காலத்திலும் அவர் அப்பணியை விடவில்லை. 1777 முதல் அதன் பகுதிகள் ஒவ்வொன்றாகத் தரங்கம்பாடியில் அச்சேறலாயின.

அகராதியும் இலக்கணமும்

முழுநூலையும் சொல் சொல்லாக ஆராய்ந்தவரிடம் பெரும் சொற்செல்வம் சேர்வது இயல்பு. பெப்ரிசியசும் அவருடன் பணியாற்றிய பிரைத்தாப்ட்டும் இணைந்து உருவாக்கிய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் வெளிவந்தது. ஆங்கிலம்–தமிழ் அகராதி 1786இல் வெளிவந்தது. தமிழ் கற்க விரும்பும் ஆங்கிலேயருக்கென ஓர் இலக்கண நூலையும் அவர் வெளியிட்டார்.

தமிழ்–ஆங்கில அகராதி, பின்வந்தோரால் விரிவாக்கப்பட்டுப் பலமுறை மறுபதிப்புக் கண்டது. 1972இல் தரங்கம்பாடியில் வெளிவந்த பதிப்பு இன்று கணினிவழித் தேடக்கூடிய வடிவிலும் கிடைக்கிறது. வேர்ச்சொல்லின்கீழ் அதன் தொடர்களையும் வழக்குகளையும் தொகுத்துத் தரும் அவ்வகராதியை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். செருமானிய மொழியின் ஞானப்பாடல்கள் பலவற்றையும் பெப்ரிசியஸ் தமிழாக்கினார். அவை தமிழ் லுத்தரன் திருச்சபைகளின் வழிபாட்டில் இடம்பெற்றன.

இறுதிக் காலம்

பெப்ரிசியசின் முதுமை துன்பம் நிறைந்தது. அத்துன்பத்தின் ஒரு பகுதி காலத்தால் வந்தது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் சென்னையைச் சூழ்ந்த நாட்டுப்புறம் பாழாயிற்று. தொடர்ந்து பஞ்சம் தலைவிரித்தாடியது. மற்றொரு பகுதி அவரது சொந்தப் பிழையால் வந்தது. கடன் கொடுத்தலும் வாங்கலும் மலிந்திருந்த அக்காலச் சென்னையில், தம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்தார். கொடுத்த கடன் திரும்பவில்லை. பணத்தை ஒப்படைத்தோர் இழப்புக்குள்ளாயினர். முதிய வயதில் அவர் கடனுக்காகச் சிறைப்பட்டார்.

தமக்கெனச் செல்வம் சேர்க்காது எளிமையாக வாழ்ந்தவர் அவர். ஒரு சொல்லின் பொருளை ஆண்டுக்கணக்கில் ஐயுற்று ஆராய்ந்த அவர், பணத்தைப் பொறுத்தவரை பிறர் வாக்கை ஆராயாமல் நம்பினார். நல்லெண்ணம் இருந்தும் விழிப்பின்மையால் விளைந்த அத்தீங்கு, அவரைச் சார்ந்திருந்த எளியோரையும் தாக்கியது. அவர் வாழ்வை எழுதுவோர் இதனை மறைப்பதில்லை, மறைத்தலும் முறையன்று.

1788இல் அவர் பணியினின்று விலக, கெரிக்கே என்பவர் அப்பொறுப்பை ஏற்றார். 1791 சனவரி 23ஆம் நாள், எண்பது வயது நிறைவுற்ற மறுநாள், பெப்ரிசியஸ் சென்னையில் காலமானார். தாயகத்தை விட்டு வந்தபின் அவர் அங்குத் திரும்பிச் செல்லவேயில்லை. அவரது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு முழுமையாக அச்சேறி நிறைவுற்றது, அவர் மறைந்த பின்னரே.

நிலைத்த பணி

பெப்ரிசியஸ் மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன் திருச்சபையினர் நூறாண்டுகளுக்கு மேலாகப் போற்றிப் பயன்படுத்தினர். அவருக்குப் பின் இரேனியசு புதிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் மற்றொரு மொழிபெயர்ப்பை உருவாக்கினார். ஆயினும், பல திருச்சபைகளுக்கும் பொதுவானதொரு மொழிபெயர்ப்பை உருவாக்க பவர் தலைமையிலான குழு முனைந்தபோது, பெப்ரிசியசின் மொழிபெயர்ப்பே அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. 1871இல் வெளிவந்த அப்பொது மொழிபெயர்ப்பு, தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகிறது. அவ்வகையில், பெப்ரிசியசின் பெயரை அறியாத பல்லாயிரம் வாசகரும் அவர் உழைப்பின் பயனைப் பெறுகின்றனர்.

சென்னை புரசைவாக்கத்தில் அவர் பெயரால் ஒரு மேல்நிலைப்பள்ளி இயங்கிவருகிறது. அவர் வாழ்நாளில் கைமாறிய கோட்டைகளின் உரிமைப் போர்கள் இன்று வரலாற்றுப் பாடங்களாகிவிட்டன. 1761இல் இடிக்கப்பட்ட புதுச்சேரி, பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபின் மீண்டும் கட்டப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற இந்தியாவுடன் இணைந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலையில் படைகளுக்கு மாறாகப் பேருந்துகள் செல்கின்றன. ஓர் அச்சுப்பொறி ஒரு நகரின் அழிவிலிருந்து மற்றொரு நகரின் பள்ளி வளாகத்தை அடைந்த நிகழ்ச்சியும், அதனைப் பெற்றவர் ஐம்பது ஆண்டுகள் ஒரே நூலோடு வாழ்ந்து அதன் ஒவ்வொரு நூலையும் தமிழ் மக்களுக்குப் படிக்கத் தந்த செய்தியும் தமிழ் உரைநடையின் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுள்ளன.